மருதாணி காயும்வரை

பத்து விரலுக்கும் தொப்பி வைத்தாயிற்று, இரண்டு உள்ளங்கையிலும் நடுவில் வட்டமாக ஒவ்வொரு நிலா, இனி இது காய்கிறவரைக்கும் இசக்கியம்மாளால் மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்ட முடியாது, இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் போன் உறும வேண்டுமா. பின்வாசல் தகரக் கொட்டகையில் மதிய வெக்கை, அடுப்புக்குள் தலையை விட்டது மாதிரி. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்த போன் அதிரும்போதெல்லாம் நாற்காலியும் சேர்ந்து நடுங்கியது. போன் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. விழு. விழுந்து உடை. உடைந்தால் சொல்ல ஒரு சாக்காவது கிடைக்கும். ஆனால் உடையாது, அதற்குப் போட்டிருக்கிற உறை அப்படி, உடைந்தாலும் ஹரீந்திரன் வேறு யார் போனிலாவது வந்து நிற்பான், விடுகிற ஆளா அவன். திரையில் அவன் அனுப்பியது தெரிந்தது. ஐசா, ரெண்டு பேர் அமுக்கியாச்சு, உன் சம்மதம் மட்டும்தான் பாக்கி, சாயங்காலத்துக்குள்ளே வேணும், ப்ளீஸ். ஐசாவாம். இசக்கி என்று கூப்பிட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமோ. இத்தனை வருஷம் ஒரே ஆய்வுக்கூடம், பக்கத்துப் பக்கத்து மேஜை, அவள் டாக்டர் பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூடக் கேக்கில் ஐசா என்றுதான் எழுதிக் கொண்டுவந்தான், அவளும் பல்லைக் காட்டிக்கொண்டே வெட்டினாள், அந்தக் கத்தியை இப்போது நினைத்தால் கை பரபரவென்கிறது, ஆனால் கையில் மருதாணி.

“அம்மா, அரிசி” என்று வாயைத் திறந்தாள் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டியிருந்த மாரிச்செல்வி. இசக்கியின் வீட்டுக்காரனுக்குத் தங்கை. அடுத்த தெருவில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது, நாளைக்கு வளைகாப்பு, ஏழு மாத வயிறு மடியில் தனி ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் கையிலும் பத்துத் தொப்பி. அத்தை மருதாணிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, டம்ளரிலிருந்து ஒரு பிடிப் பச்சரிசியை அள்ளி மகள் வாயில் போட்டாள். நறுக், நறுக். “பொறுமையா தின்னுட்டி, எலி பிறந்துரப் போவுது” என்றாள். மாரி சிரித்தாள், வாய் நிறைய வெள்ளையாக. அந்த நறுக் சத்தம் காலையிலிருந்து இசக்கியின் பல்லில் கூசிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று யோசிக்க விடாமல் போன் மறுபடி உறுமியது.

ஒரே ஒரு அமுக்கு என்கிறான். அமுக்கினால் நாளைக் காலையில் பந்தல், மாலை, மைக், மாவட்டம் பூராவும் உள்ள நர்ஸ்கள் கையில் அந்த ஆப். கர்ப்பிணியின் நகத்தைப் போனில் ஒரு படம் எடுத்தால் போதும், ஊசி குத்தாமலே ரத்தம் போதுமா போதாதா என்று சொல்லிவிடும். போதுமென்றால் பச்சை, போதாதென்றால் சிவப்பு. நாலு வருஷ உழைப்பு. என்ன வேலை பார்க்கிறாய் என்று இந்த ஊரில் யார் கேட்டாலும் கம்ப்யூட்டருக்குக் கண்ணு வைக்கிற வேலை என்பாள், அவர்களும் ஆத்தாடி என்று கன்னத்தில் கை வைப்பார்கள். கண் வைத்தாள்தான். அந்தக் கண்ணுக்கு எதைக் காட்டிப் பழக்கினார்கள் என்பதில் அல்லவா மண் விழுந்தது. யாழி பிறந்து அவள் பேறுகால விடுப்பில் கிடந்த சமயம், ஹரீந்திரன் ஏதோ பேப்பரில் சமுதாய வளைகாப்புப் படம் பார்த்திருக்கிறான், வரிசையாகக் கர்ப்பிணிகள், வரிசையாக நீட்டிய கைகள். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை கையா என்று குதித்துக் கொண்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மண்டபம் மண்டபமாகப் போய்விட்டார்கள். வளைகாப்புக்கு எவளாவது வெறுங்கையோடு வருவாளா? இதைக் கேட்க ஒரு ஆள் இல்லையா அந்தக் கூட்டத்தில்? அத்தனை நகமும் மருதாணி. அதுவும் மண்டபத்துக்கு எழுந்து வருகிறவள் யார், மாசா மாசம் நர்ஸைப் பார்க்கிறவள், சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் முழுங்குகிறவள், ரத்தம் நன்றாக உள்ளவள். ரத்தம் குறைந்தவர்களை எங்கே படம் எடுத்தார்கள்? பெரியாஸ்பத்திரி வார்டில். வெளுத்த விரல், வெறும் நகம், எந்த மகராசி மருதாணி வைத்துக்கொண்டு ட்ரிப்ஸ் ஏற்றப் படுப்பாள். ஆக மண்டபத்துச் சிவந்த நகமெல்லாம் நல்ல ரத்தம், வார்டு வெறும் நகமெல்லாம் கெட்ட ரத்தம். இதைப் பார்த்துப் பார்த்து அது என்ன படித்துக்கொண்டது? நகம் சிவந்திருந்தால் ரத்தம் இருக்கிறது. அவ்வளவுதான் அதன் ஞானம். அதற்குப் பேர் நூற்றுக்குத் தொண்ணூற்றி நாலு சரி, அதற்கு விருது, அதற்கு இவன் சால்வை போட்டுக்கொண்ட படம்.

விடுப்பு முடிந்து போன முதல் நாளே கண்டுபிடித்தாள். பால் கட்டி மார் கனக்கக் கனக்க உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாள், ஆரஞ்சு, ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, ஆரஞ்சு. நிறத் திருத்தம் போட்டிருக்கோம், அது பார்த்துக்கும் என்றான் ஹரீந்திரன். பார்த்துக்குமா? அன்று வீட்டுக்கு வந்து யாழியின் பிளாஸ்டிக் பொம்மையை எடுத்து அதன் விரலில் மருதாணிக் கோனைப் பிதுக்கித் தடவி, காய்ந்ததும் உதிர்த்துவிட்டுப் படம் எடுத்தாள். பச்சை. பொம்மைக்கு ரத்தம் நன்றாக இருக்கிறதாம். மீட்டிங்கில் பொம்மையை மேஜைமேல் வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் கொஞ்சம் சிரித்துத் தொலைத்தாள், ஏன் சிரித்தாள், அதுதான் இப்போது எரிகிறது. “பொம்மை நம்ம பயனாளி இல்லையே ஐசா” என்றான் ஹரீந்திரன், கை தட்டாத குறை. மருதாணி ஒரு ஓரத்து விஷயம், பின்னால் சரி பண்ணிக்கலாம் என்றான். ஓரமாம்! இந்த ஜில்லாவில் மாசமாக இருக்கிற பொம்பளை கையில் மருதாணி ஓரமாம். அவன் வீட்டில் அவன் பெண்டாட்டி வளைகாப்புக்கு இசக்கிதான் போய்ச் சந்தனம் பூசிவிட்டு வந்தாள், அந்தப் பெண் முழங்கை வரைக்கும் மருதாணி போட்டிருந்தாள், பக்கத்திலேயே நின்றுகொண்டு இளித்தானே, அப்போது எங்கே வைத்திருந்தான் கண்ணை. ஒரு மாசம் கொடு என்றாள். வார்டில் இருக்கிறவர்களுக்கும் மருதாணி வைத்துப் படம் எடுப்போம், மண்டபத்துப் பெண்களை வெறும் நகத்தோடு எடுப்போம், இல்லாவிட்டால் நகத்தையே விட்டுவிட்டுக் கீழிமையை இழுத்து எடுப்போம். பந்தல் போட்டாச்சு ஐசா என்றான். பந்தல்! பந்தலைப் பிரிக்க முடியாதாம்.

“ஏளா இசக்கி, அது யாரு, செத்த நேரம் சும்மா இருக்க விட மாட்டுக்கான்” என்றாள் அத்தை. நாற்காலிப் பக்கம் குனிந்து பார்த்தாள். திரையில் இரண்டு பொத்தான், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. “நான் வேணா அமுக்கிவிடட்டா? ஒனக்குத்தான் கை ஆவாதே. பச்சைதான? நல்ல காரியத்துக்குப் பச்சையத்தான அமுக்கணும்?” சொல்லும்போதே அவள் ஆள்காட்டி விரல் இறங்கியது, மருதாணி பட்டுப் பச்சையாகிப் போன விரல், பச்சைப் பொத்தானுக்கு மேலே ஒரு நெல் உயரம்.

“தொடாதீங்க!”

கொட்டகையே அதிர்ந்தது. அத்தை விரலைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி இழுத்துக்கொண்டாள். மாரி மெல்லுவதை நிறுத்தினாள். “ஆத்தாடி, என்ன வரத்து வாரா” என்று அத்தை முணுமுணுத்தாள், “பெரிய கலெக்டரு பைலு”, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு காப்பி போட உள்ளே போய்விட்டாள். போகட்டும், பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், யாழியைக் கைப்பிள்ளையிலிருந்து வளர்த்துக் கொடுத்தவள், அவள் இல்லாவிட்டால் இந்த வேலையும் இல்லை பட்டமும் இல்லை, அவளிடம் போய்க் கத்தினோமே. கத்த வேண்டியவன் சென்னையில் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறான், கத்தியது மருதாணி அரைத்துக் கை ஓய்ந்து நிற்கிற பொம்பளையிடம். இதுதான் அவள் லட்சணம். மீட்டிங்கில் சிரிப்பாள், வீட்டில் கத்துவாள்.

அந்த ஆப்பைத் திட்டி என்ன, அது அவள் பிள்ளைதான், அவள் புத்திதான் அதற்கும். நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குக் கண் டாக்டர்கள் வந்தார்கள். சுவரில் எழுத்து அட்டை, மேலே பெரியது, கீழே போகப்போகச் சின்னது. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் சத்தம் போட்டு வாசித்தார்கள், அவளுக்கோ அட்டையே வெள்ளைச் சோறு மாதிரிதான் தெரிந்தது, எழுத்தாவது ஒன்றாவது. ஆனால் காது நல்ல காது. அவள் முறை வருவதற்குள் கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். கடகடவென்று ஒப்பித்தாள். சபாஷ் என்று டாக்டர் முதுகில் தட்டினார், கண்ணு முத்து மாதிரி இருக்கு என்று எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் கரும்பலகை தெரியாமல், பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதி, பார்த்து எழுதுகிறாள் என்று அடி வாங்கி, தலைவலி, நடிக்கிறாள் என்று அதற்கும் அடி. பத்தாவதில்தான் கண்ணாடி வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு இலையும் தனித்தனியாக இருந்தது, இத்தனை நாளும் எல்லோருக்கும் இப்படியா தெரிந்தது என்று அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. பரீட்சையில் பாஸ் ஆவது வேறு, தெரிவது வேறு. இது அவளைவிட எவனுக்குத் தெரியும்? தெரிந்துமா ஒரு பச்சைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்? படித்து முடித்ததும் எத்தனை பேர் கூப்பிட்டார்கள், ஜவுளிக்கடையில் யார் எந்த ரேக்குக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்க ஒரு கண், ஆபீசில் யார் கொட்டாவி விடுகிறார் என்று பார்க்க ஒரு கண். போகவில்லை. சித்தி இருந்தாள், சின்னவள், வரிசைப் பல், பிள்ளை பெறப் போனவள் பாயில் சுருட்டின பிணமாக வந்தாள். ரத்தம் பத்தலையாம், ரத்தம் பத்தலையாம் என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் பத்தலை என்கிற மாதிரி. ஒருத்தருக்கும் முன்னாலேயே தெரியாதா? ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லையா? சித்தி அந்தக் கடைசி மாசங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், மாடிப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள், மடியில் எப்போதும் எதையாவது வைத்துக்கொண்டு கொறிப்பாள், அடுப்புச் சாம்பல், சிலேட்டுக் குச்சி, பச்சரிசி.

நறுக்.

“மைனி” என்றாள் மாரி, கோபம் தணிந்துவிட்டதா என்று பார்க்கிற குரலில். “ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன், நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தேன், இப்பமே சொல்லிருதேன். நேத்து நர்ஸம்மாட்ட போனேன்லா? ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும்னாவ. எனக்கு ஊசின்னா உயிரு போயிரும்லா. நான் சொன்னேன், எக்கா, எங்க மைனி செஞ்ச மிஷினு ஒங்க போன்ல இருக்குல்லா, வெள்ளோட்டம் விட்டுருக்காவள்லா, அதுல பாருங்கன்னேன். நகத்தக் காட்டுனேன். பட்டுன்னு பச்சை விழுந்துட்டு! நர்ஸம்மாவே அசந்துட்டாவ. ஊசி வேண்டாம் போன்னுட்டாவ. ஊருக்கே சொல்லிட்டேன், எங்க மைனி செஞ்சதுன்னு.”

இசக்கிக்குக் காதுக்குள் ஓவென்று இருந்தது. வெள்ளோட்டம் உன் ஊர்ப் பக்கமே விடுவோம் ஐசா, உனக்கும் பெருமை என்றானே ஹரீந்திரன். எந்த நகம்? போன மாசம் கோயில் கொடைக்குப் போட்ட மருதாணி, நகத்தில் அடி கொஞ்சம் வளர்ந்து மேலே கருஞ்சிவப்பாக, இன்றைக்குத் தொப்பி வைப்பதற்கு முன் பார்த்தாளே, பார்த்துவிட்டு ஒனக்கு நல்லாப் பிடிக்கும் மாரி என்று வேறு சொன்னாளே. இப்போது மாரியின் முகத்தைப் பார்த்தாள். கருத்த முகம், வெளுப்புத் தெரியாது. சிரிக்கிறாள். உதட்டு உள்பக்கம், ஈறு, நாக்கு, பச்சரிசிக்கும் நாக்குக்கும் நிறம் ஒன்றாக இருந்தது. அடுத்த தெருவிலிருந்து இங்கே வந்ததற்கு ஏன் அப்படி மூச்சு வாங்கினாள், வயிறு பாரம் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஏன் அரிசி, மசக்கை ஆசை என்று எல்லோரும் சிரித்தார்கள். இவளும்தான் சிரித்தாள். கம்ப்யூட்டருக்குக் கண் வைக்கிறவள், காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அந்த நறுக் சத்தம் பல்லில் கூசக் கூச. ஒருவேளை ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். தொண்ணூற்றி நாலில் ஒருத்தியாக இருக்கலாம். சொல்லிவிடலாமா. சொன்னால் என்ன சொல்லுவாள், மாரி, அந்தப் பச்சை பொய், நான் செஞ்சது பொம்மைக்கும் பச்சை காட்டும், எனக்கு அது ரொம்ப நாளாத் தெரியும் என்றா. தெரிஞ்சும் ஏன் விட்டீங்க மைனி என்று கேட்க மாட்டாளா. கேட்க மாட்டாள், அவள் கேட்கிற பிள்ளை இல்லை, அதுதான் இன்னும் மோசம். அத்தை கேட்பாள். நாளைக்கு வளைகாப்பு. வளைகாப்பு முடியட்டும், நாளைக் கழித்துக் கூட்டிப்போகலாம், நைசாக, வேறு ஏதாவது சொல்லி. ஹரீந்திரனுக்கும் நாளைக் கழித்து எழுதலாம். பிறகு. பின்னால் சரி பண்ணிக்கலாம். யார் சொன்ன வார்த்தை இது? அவள் மண்டைக்குள் அவன் குரலில் அவளே பேசிக்கொண்டிருந்தாள், பந்தல் போட்டாச்சு, பந்தலைப் பிரிக்க முடியாது. சீ.

முழங்கையால் நாற்காலியை ஒரு இடி இடித்தாள். போன் தரையில் விழுந்து மல்லாந்தது. உடையவில்லை, சொன்னாளே. குனிந்து முகத்தைக் காட்டினாள், வேர்த்து ஒழுகி, தலைவிரி கோலமாக இருந்த முகத்தை அது இன்னார் என்று அடையாளம் கண்டு திறந்து விட்டது. இதற்கு மட்டும் கண் நன்றாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில். வலது காலைத் தூக்கிக் கட்டை விரலால் சிவப்பை அமுக்கினாள்.

“எம்மா, மைனி போன மிதிக்காவ!”

அத்தை காப்பியோடு ஓடி வந்தாள். “ஏளா, கிறுக்கு பிடிச்சிருக்கா? ஒனக்குச் சோறு போடுத சாமான காலால தொடுத?” என்றாள், “தொட்டுக் கும்பிடுளா, கும்பிடு.” கையில்லாமல் எப்படிக் கும்பிட என்று அந்தக் கோபத்திலும் இசக்கிக்கு ஒரு சிரிப்பு வந்து தொண்டையில் முட்டியது. திரை ஒரு வெள்ளைக் கட்டத்தைக் காட்டியது, மறுப்புக்குக் காரணம் என்ன என்று கேட்டது. கேட்கிறானாம் காரணம். கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக மைக். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். கட்டை விரலை மைக்கில் வைத்தாள். மாரி பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை டம்ளரோடு நின்றாள். காரணத்தை இவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும், சத்தமாக, தமிழில், சுற்றிவளைக்காமல். மீட்டிங்கில் சொன்ன மாதிரி அந்த வார்த்தை இந்த வார்த்தை போட்டு மெழுக இங்கே முடியாது.

“மருதாணி போட்ட நகத்தைப் பார்த்து ரத்தம் இருக்குன்னு சொல்லுது” என்றாள். “ரத்தம் இல்லாதவளுக்கும் பச்சை காட்டும். நம்பி ஊசி வேண்டாம்னு போனவ பிரசவத்துல செத்துப் போவா. என் வீட்டுலயே ஒருத்தி அதை நம்பிட்டு உட்காந்திருக்கா. நான் சம்மதிக்க மாட்டேன். இசக்கியம்மாள்.”

எழுத்து எழுத்தாகத் திரையில் ஓடி நின்றது. அனுப்பு. கட்டை விரல். போனது.

மாரி வாயில் இருந்த அரிசியை மெல்லவும் இல்லை துப்பவும் இல்லை, கன்னம் ஒரு பக்கம் புடைத்தபடி அவளையே பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். கை வைக்கப் போனவள் மருதாணியை நினைத்து அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.

“என்னையா மைனி சொல்லுதீங்க?”

“ஒன்னத்தான். எந்திரி. ஆஸ்பத்திரியில நாலு மணி வரைக்கும் ரத்தம் எடுப்பாவ. வண்டி வாசல்லதான் நிக்கி.”

“நாளைக்குச் சடங்கு வச்சுக்கிட்டு…” அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள், “இன்னும் செவக்கக்கூட இல்லைளா. இப்பம் கழுவுனா பிள்ளைக்குக் கை வெளிறிக் கெடக்கும், ஊரு என்ன சொல்லும்?”

“வெளிறிக் கெடக்கட்டும் அத்த” என்றாள் இசக்கி. “உள்ளது உள்ளபடி தெரியட்டும்.”

அத்தை ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு மகளின் முகத்தை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். இரண்டு பேரும் குனிந்து கையை நீட்டினார்கள். தொப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று பச்சைத் தண்ணீரில் சாக்கடைக்கு ஓடின. இசக்கியின் உள்ளங்கையில் இளம் ஆரஞ்சில் ஒரு பாதி நிலா. போன் தரையில் கிடந்து உறும ஆரம்பித்தது, இந்தத் தடவை மெசேஜ் இல்லை, அவனே கூப்பிடுகிறான், உறுமிக்கொண்டே தரையில் வட்டமடித்தது. யாரும் எடுக்கவில்லை. மாரி வாயில் இருந்த அரிசியைக் குழாயடியில் துப்பினாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், கையை முழங்கை வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்தக் கையில மைனி குத்துவாவ?”